மூச்சுக்காற்றும் வரவில்தான்

ஹைதராபாத்தில் மே மாதம் வந்துவிட்டால் எங்கள் அபார்ட்மென்ட்டில் டேங்கர் பேச்சுதான். குடமும் கையுமாக வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன? ஆனால் லாரியே போக முடியாத இடத்தில் என்ன செய்தார்கள்? வங்கிக்காரன் கண்ணுக்கு அது ஒரு சுவாரசியமான வரவு செலவுக் கணக்கு.

இந்த ஊரில் பள்ளியில் படித்த ராகேஷ் சர்மா, 1984 ஏப்ரல் 3 அன்று கிளம்பி, சோவியத் நாட்டின் சல்யூட் 7 நிலையத்துக்குப் போய் வந்தார். அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1975-ல், சல்யூட் 4 நிலையத்தில் அவர்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரத்தைக் குளிரவைத்துப் பிடித்து, குடிதண்ணீர் ஆக்கினார்கள். பின்னால் வந்த மிர் நிலையத்தில் சிறுநீரையும் சுத்திகரித்தார்கள். ஆனால் அதைக் குடிக்கவில்லை, ஆக்சிஜன் எடுக்கப் பயன்படுத்தினார்கள்.

அந்தக் கோட்டைத் தாண்டியது சர்வதேச விண்வெளி நிலையம். 2008 நவம்பரில் எண்டவர் விண்கலம் கருவியைக் கொண்டுபோனது. எடையற்ற இடத்தில் கொதிக்கவைத்தால் ஆவி தானாகப் பிரிந்து மேலே போகாது. அதனால் சுழலும் உருளைக்குள் காய்ச்சி வடித்து, பிறகு இன்னும் சுத்தம் செய்கிறார்கள். 2009 மே மாதம் அனுமதி கிடைத்ததும், வீரர்கள் அந்தத் தண்ணீரையே கையில் பிடித்து "சியர்ஸ்" சொல்லிக் குடித்தார்கள்!

அதே வருடம் கருவி அடைத்துக்கொண்டது. ஏன் தெரியுமா? விண்வெளியில் எலும்பு கரைகிறது. அந்தக் கால்சியம் சிறுநீரில் இறங்கி உப்பாகப் படிந்துவிட்டது. பூமியில் சோதித்தபோது இந்தப் பற்று கணக்கில் வரவே இல்லை. ரசாயனத்தை மாற்றிச் சரிசெய்தார்கள். 2023-ல் 98 சதவீதம் தண்ணீர் திரும்பக் கிடைத்தது.

2024 மே மாதக் கடைசியில் அந்தக் கருவியின் பம்ப் பழுது. மாற்று பம்ப்பை ஏற்ற இடம் வேண்டுமே? சுனிதா வில்லியம்ஸ், அவருடன் போனவர், இருவரின் துணிப்பெட்டிகளையும் இறக்கிவிட்டார்கள். சில நாள் வேலையாகப் போனவர்கள் ஒன்பது மாதம் தங்கினார்கள். மாற்றுத்துணி இல்லாமல் சமாளிக்கலாம். தண்ணீர் இல்லாமல்?

"சீ, அதைப் போயா?" என்கிறீர்களா? சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவுக்காரர்களின் குடிதண்ணீரில் 2003 முதல் சுத்திகரித்த கழிவுநீரும் கொஞ்சம் கலந்திருக்கிறது. சென்னையில் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் அப்படிச் சுத்திகரித்த தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மிர் நிலையம் நின்ற அதே கோடு!

கருவி தயாராகிவிட்டது. தயாராக வேண்டியது நம் மனசுதான். நீங்கள் குடிப்பீர்களா? சொல்லுங்களேன்.