அப்பாவின் ஹெரால்டும் ஒரு டை ராடும்

பரண்ல கிடந்த பிஸ்கட் டின்னைக் கிளறினப்ப ஒரு துருப்பிடிச்ச இரும்புத் துண்டு கிடைச்சுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கோங்க.

பெசன்ட் நகர்ல எங்க வீடு பீச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி. உப்புக்காத்துல ஜன்னல் கம்பியே அரிச்சுப் போகும். அங்கதான் அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நின்னுது. வண்டலூர்ல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை, 1961-லேர்ந்து தயாரிச்ச மெட்ராஸ் கார். முழு வட்டம் அடிக்க 25 அடி போதும். மூஞ்சிப் பக்கம் மொத்தமா முன்னால சாயும், ஸ்டியரிங் பாகமெல்லாம் கைக்கு எட்டும். வீட்டுலயே ரிப்பேர் பாக்கிற ஆசை வர்றதுக்கு இது போதாதா?

வளைவுல உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தை விட அதிகமா திரும்பணும். 1817-ல மியூனிக்ல லாங்கன்ஸ்பெர்கர்னு ஒருத்தர் குதிரை வண்டிக்காக இதைக் கண்டுபிடிச்சார். மறுவருஷம் லண்டன்ல காப்புரிமை வாங்கினது அவரோட ஏஜென்ட் ஆக்கர்மன். பேரும் அவருக்கே போச்சு! அந்தக் கணக்கைச் சக்கரத்துக்குக் கொண்டு போறது டை ராடு. அதன் நுனியில இருக்கிற பந்து மூட்டுதான் டை ராடு எண்ட். 1929-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ரானே கம்பெனி, 1960-ல இதை இங்கயே செய்ய ஆரம்பிச்சுது. 2007-ல ரானே (மெட்ராஸ்) ஜப்பானோட டெமிங் பரிசே வாங்கிச்சு.

1979-ல ஒரு ஞாயித்துக்கிழமை, ஜி.பி. ரோட்டுல வாங்கின டை ராடு எண்டை அப்பா தானே மாட்டினார். நான் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிற ஆள். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் செங்கல், ஜாக்கி போக தனியா ஒரு ஸ்டாண்டு. "ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான்டா, தாங்கறதுக்கு இல்லை"ன்னு சொன்னார். பழசைக் கழட்டறப்ப எத்தனை சுத்துன்னு எண்ணி, புதுசையும் அத்தனையே சுத்தினார். அப்புறம் முன் சக்கரங்களுக்கு நடுவுல, முன்பக்கமும் பின்பக்கமும் நூல் பிடிச்சு அளந்தார். இன்னைக்குன்னா அலைன்மென்ட் கடைக்குப் போயே ஆகணும்.

மூணாவது வாரம் செகண்ட் அவென்யூ திருப்பத்துல இடது முன்சக்கரம் அப்படியே மடங்கிடுச்சு. மெதுவா போனதால யாருக்கும் அடியில்லை. பின் சீட்டுல அம்மாவும் தங்கச்சியும். அப்பா ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் ஸ்பேனரையே தொடலை.

ரொம்ப வருஷம் கழிச்சுதான் இந்தத் துண்டை உத்துப் பாத்தேன். இது டை ராடே இல்லை! சக்கரத்தைத் தாங்கற செங்குத்துத் தண்டோட அடி மரை. ஹெரால்டுல இது ட்ரன்னியன்ங்கிற வெண்கலக் கூட்டுக்குள்ள திருகித் திருகி ஆடும். அதுக்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விடணும்னு கம்பெனி புத்தகமே சொல்லுது. நாங்க போன பட்டறையில எப்பவும் கிரீஸ்தான் அடிப்பாங்க. கிரீஸ் மரைக்குள்ள சரியா இறங்காது. தண்ணி புகும், துரு ஏறும், மரை இறுகும். ஒவ்வொரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் தண்டு முறுக்கு வாங்கி, ஒருநாள் முறியும். எங்க ஊர் உப்புக்காத்து வேற கேக்கணுமா?

அப்பா மாட்டின பாகம் கடைசி வரை சரியாத்தான் இருந்திருக்கு. தப்பு, அவர் தொடாத இடத்துல. ஆனா ஒண்ணு. ஸ்டியரிங்ல கை வச்சா, வாங்கின பாகத்தை மாட்டினதோட எழுந்திரிக்காம, சக்கரத்தை ஆட்டி, பக்கத்துல இருக்கிற எல்லா மூட்டையும் பாத்துடணும். சந்தேகம் இருந்தா வண்டியை எடுக்கவே கூடாது.

இதைச் சொல்ல அப்பா இப்ப இல்லை. டின்னை மூடி மறுபடி பரண்லயே வச்சுட்டேன்.