ஜம்பர் ஒயர்: 285 மேடிசன் அவென்யூ, 2011

லிஃப்ட் விபத்து என்றதும் நம் எல்லாருக்கும் மனசில் வருவது கயிறு அறுந்து கீழே விழும் பெட்டிதான். அந்தப் பயத்துக்கு எலிஷா ஓட்டிஸ் 1854-லேயே நியூயார்க் கண்காட்சியில், தான் நின்றிருந்த மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லி பதில் காட்டிவிட்டார். எனக்கு அதைவிடப் பயம் தருவது கதவு.

2011 டிசம்பர் 14, மன்ஹாட்டன். 285 மேடிசன் அவென்யூ கட்டடத்தில், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த 41 வயதுப் பெண் ஒருவர் லிஃப்டுக்குள் கால் வைக்கிறார். கதவு திறந்தபடியே பெட்டி மேலே கிளம்பிவிட்டது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி இறந்துபோனார்.

இது நடக்கவே முடியாத விஷயம். எல்லா மாடிக் கதவுகளிலும், பெட்டியின் கதவிலும் சின்னச் சின்ன சுவிட்சுகள் உண்டு. அத்தனையும் ஒரே வரிசையில் கோத்திருக்கும். ஒன்று திறந்திருந்தாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகாது, பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரிப்பேர் செய்கிறவருக்குச் சில சமயம் கதவைத் திறந்து வைத்தே பெட்டியை நகர்த்த வேண்டியிருக்கும். அப்போது கன்ட்ரோலரில் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். அதுதான் ஜம்பர். கதவெல்லாம் மூடியிருக்கிறது என்று கன்ட்ரோலர் நம்பிவிடும்.

அன்று வேலை பார்த்த மெக்கானிக்குகள் அதை எடுக்காமலே லிஃப்டை ஓடவிட்டார்கள் என்று நகரப் புலனாய்வுத் துறை 2012 பிப்ரவரியில் சொன்னது. மறுபடி ஓட்டுவதற்கு முன் கட்டடத் துறையைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. நம்ம தொழிலில் டீபக் ஃப்ளாகை அணைக்காமல் புரொடக்‌ஷனுக்கு அனுப்புவோமே, அதே கதைதான். என்ன, நமக்கு ரோல்பேக் இருக்கிறது.

சரி, பொறுப்பு யாருக்கு? நியூயார்க்கில் இது பழைய கேள்வி. ரோஜர்ஸ் எதிர் டார்செஸ்டர் அசோசியேட்ஸ் வழக்கில் (1973) ஒரு லிஃப்ட் கதவு ஒருவரைக் காயப்படுத்தியது. 'பராமரிப்பை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லி கட்டட உரிமையாளர் தப்ப முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அடிபட்டவருக்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதன்பின் முழுப் பராமரிப்பையும் ஏற்றுக்கொண்ட கம்பெனியிடமிருந்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. லிஃப்டில் ஏறுகிறவர் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டா ஏறுகிறார்?

எஞ்சினியர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். ஐரோப்பாவின் இஎன் 81-20 தரநிலை (2014) ஜம்பருக்குப் பதிலாக கன்ட்ரோலரிலேயே ஒரு பைபாஸ் சாதனம் வைக்கச் சொல்கிறது. அதைப் போட்டால் லிஃப்ட் சாதாரணமாக ஓடாது. மெக்கானிக் இன்ஸ்பெக்‌ஷன் முறையில்தான் நகர்த்த முடியும். நகரும்போது சத்தமும், மின்னும் விளக்கும் வரும். மறந்துபோனாலும் ஆள் ஏற முடியாது.

நியூயார்க் மாநிலத்தில் முடி வெட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேண்டியதில்லை என்ற நிலை ரொம்ப நாள் இருந்தது. அவர்களுக்கும் லைசென்ஸைக் கட்டாயமாக்கும் சட்டம் 2020-ல்தான் கையெழுத்தானது.