'சமூகக் காரணம்' என்று எழுதிய பதிவேடுகள்



நம்ம குழுக்களோட வரலாறுன்னு யாரு எழுதினாலும் தருமபுரியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. 1989-ல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் முதல் மகளிர் குழுக்கள் அமைந்தன. 1997-98-ல் ஆரம்பித்த மகளிர் திட்டத்தின் மூலம் மாநிலம் முழுக்கப் பரவி, நம்ம சூலூர் வரைக்கும் வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்க.

அதே தருமபுரிக்கு இன்னொரு வரலாறு இருக்கு. அங்கன்வாடியில் பல வருசம் வேலை பார்த்தவள் என்ற முறையில் அதை இந்த மலரில் பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், பள்ளிக்கூட வாத்தியார் இவங்களுக்கெல்லாம் இன்னைக்கு 'பாலின விழிப்புணர்வுப் பயிற்சி' நடக்குதே, அதுக்கு ஒரு காரணம் அந்தக் கதை.

1986 ஜூன் மாதம் 'இந்தியா டுடே' பத்திரிகையில் உசிலம்பட்டிப் பகுதியில் பிறந்த பெண் சிசுக்களைக் கொல்வது பற்றிக் கட்டுரை வந்தது. நாடே அதிர்ந்தது. எல்லாரும் அதை உசிலம்பட்டி சமாச்சாரம்னு ஒதுக்கிப் பேசினாங்க. ஆனால் சேலத்திலும் தருமபுரியிலும் நாமக்கல்லிலும் அதே கொடுமை இருந்தது. நாமக்கல் நமக்கு அயலூரா? பொண்ணு குடுத்து எடுக்கிற ஊரு.

1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. முதலில் சேலத்தில் தொட்டில் வைத்தார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் கொடுத்துவிடலாம். அதனால் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு, அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் குழந்தை ஏன் வேண்டாம்னு ஆச்சு என்ற கேள்வியைத் தொட்டில் கேட்கவில்லை. போலீஸ் வழக்கு வந்தபோது பெற்றவளையே பெரும்பாலும் பிடித்தார்கள். பிரசவம் முடிஞ்சு எந்திரிக்க முடியாமக் கிடக்கிறவ தனியா என்ன முடிவு எடுத்திருப்பா? முடிவு எடுத்த மாமியாரும் புருசனும் வெளியில நின்னாங்க.

இதெல்லாம் யாருக்கு முதலில் தெரியும்? கிராம சுகாதார செவிலியருக்குத்தான். ஊரில் யார் முழுகாமல் இருக்கிறாள், எத்தனையாவது பேறு, பிறந்தது என்ன, செத்தது எப்போது, அத்தனையும் அவங்க பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேடுகளில் இப்படிச் செத்த பெண் குழந்தைகளுக்கு எதிரே இறப்புக்கான காரணம் என்று ஒரு வார்த்தை எழுதப்பட்டது: 'சமூகக் காரணம்'.

ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத், பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து, 1997-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறந்த முதல் சில நாட்களில் இயற்கையாக ஆண் குழந்தைகள்தான் கொஞ்சம் கூடுதலாக இறக்கும். ஒரு வட்டாரத்தில் அது தலைகீழாக இருந்தால் அங்கே மனுசங்க கை இருக்குன்னு அர்த்தம். மதுரையில் தொடங்கி திண்டுக்கல், சேலம், தருமபுரி என்று ஒரு பட்டையாகவே அது தெரிந்தது.

செவிலியர் ஏன் அப்படி மழுப்பி எழுதினாங்கன்னு திட்டத் தோணும். அதே ஊர்ல துணை சுகாதார நிலையத்துல ராத்திரி தனியாத் தங்கணும். உள்ளதை எழுதிட்டா அடுத்த நாள் எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது. அதோட அவங்களும் அந்த மண்ணுலதான் வளர்ந்தவங்க. 'பாவம், மூணாவதும் பொண்ணாப் போச்சு' என்று அவங்க வாயிலும் வரும். கணக்கு எழுதப் பழக்கினால் மட்டும் போதாது, எழுதுகிறவரின் மனசுக்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

டென்மார்க் நாட்டின் 'டானிடா' உதவியில் நடந்த சுகாதாரத் திட்டத்தின் வழியாக, 1997-க்கும் 1999-க்கும் இடையில் தருமபுரியில் அந்த முயற்சி நடந்தது. சுகாதாரப் பணியாளர்களிடம் பேசினார்கள். கலைப்பயணம் என்ற பெயரில் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டார்கள். தாயை மட்டும் குற்றவாளி ஆக்காமல் வரதட்சணை, சொத்து, மாமியார் பேச்சு, புருசன் பொறுப்பு எல்லாமே தெருவில் பேச்சானது.

எங்க அங்கன்வாடிப் பயிற்சி ஒன்றில் நடந்ததையும் சொல்லணும். பயிற்சி கொடுத்த அம்மா போர்டில் எக்ஸ், ஒய் என்று எழுதினார். தாயிடம் இருப்பது இரண்டும் எக்ஸ். தகப்பனிடம் ஒரு எக்ஸ், ஒரு ஒய். குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வருவதைப் பொறுத்தது. பின் வரிசையில் இருந்த ஆயாம்மா எழுந்து, "அப்ப எங்க மாமியா இருவது வருசமா என்னைய ஏசுனதெல்லாம் பொய்யுங்களா?" என்றார். முதலில் சிரித்தோம், அப்புறம் யாரும் பேசவில்லை. அடுத்து ஒரு நாளில் ஆம்பளை செய்யும் வேலை, பொம்பளை செய்யும் வேலை இரண்டையும் மணிக்கணக்கில் எழுதச் சொன்னார்கள். தறி ஓட்டுற வீட்டுப் பெண்களுக்குத் தாளே பத்தலை. நம்ம சோமனூர்ப் பக்கம் பெண்கள் தார் போடுறதையும் நூல் சுத்துறதையும் யாரு வேலைன்னு எழுதி வச்சிருக்காங்க?

என் மையத்தில் பையன்களுக்குப் பந்து, பிள்ளைகளுக்குச் சொப்பு என்று பிரித்துக் கொடுப்பதை அதற்குப் பிறகு நிறுத்தினோம். பள்ளிக்கூடத்தில் கூட்டுவதற்குப் பெண் பிள்ளைகளை மட்டும் அனுப்புவது பற்றியும் டீச்சர்மாரோடு பேசினோம். சின்ன விசயம்தான், ஆனால் மாற லேசில் சம்மதிக்காத விசயம்.

பலன் என்ன? இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் 2001-ல் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. பயிற்சியால் மட்டும் வந்ததல்ல, பல கைகள் சேர்ந்தது. மாநிலக் கணக்கைப் பார்த்தால் மனசு ஆறாது. 2001-ல் 942, 2011-ல் 943. கள்ளிப்பால் போன இடத்தில் ஸ்கேன் வந்துவிட்டது. கருவில் பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்தது. பவுன் கணக்கு மட்டும் குறையவில்லை. சீர் சேர்க்கிறதுக்காகவே 'சுமங்கலித் திட்டம்'னு பெண் பிள்ளைகளை மூணு வருசம் மில்லு விடுதியில விட்டது நம்ம கொங்குப் பக்கம்தானே.

இப்போது முறை நம்மிடம் வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள். பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னா காயம் தெரியும். கேட்டா "வழுக்கி விழுந்துட்டனுங்க" என்று பதில் வரும். அதையே நோட்டில் எழுதிவிட்டு வந்தால், அன்னைக்குச் 'சமூகக் காரணம்'னு எழுதினதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது, மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு வரும் நம்ம பொண்ணு மறுநாளும் அதே தெருவில்தான் நடக்கணும். அன்றைய செவிலியருக்குத் துணை இல்லை. இவளுக்கு நாம இருக்கோம்.

அதனால் வரும் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். அடுத்த பயிற்சிக்கு ஊழியர்களோடு கூட்டமைப்புப் பொறுப்பாளர்களும் உட்கார வேண்டும். தன்னார்வலர் ஒருவர் இப்படி ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்டு, பொறுப்பாளர் இருவர் கூடவே போக வேண்டும். ஆட்டோச் செலவைக் கூட்டமைப்பு நிதியில் எழுதிக்கொள்ளலாம்.