மைலேஜ் கேட்காதவர்கள்

2022 ஜூன் மாதம். அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை முதல்முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டிய நாட்கள். நாங்கள் இருக்கும் டெக்ஸஸில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். என் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த பம்பில் தன் ஃபோர்ட் எஃப்-150க்கு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தொகை வந்ததும் பம்பு தானாக நின்றுவிட்டது. ஒரு கார்டுக்கு ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று வைத்திருக்கும் வரம்பு. அவர் முகம் சுளிக்காமல் கார்டை மறுபடி செருகி மீதியை நிரப்பினார்.

"இது எவ்ளோ கொடுக்கும்?" என்ற நம்மூர்க் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டுத் தொலைத்தேன். "9,000 பவுண்டு" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நான் இழுவைத் திறனைக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். மைலேஜ் என்று விளக்கியதும் சிரித்துவிட்டு, "14 இருக்கும், 15 இருக்கும். டிரக்னா அப்படித்தான்" என்றார்.

கேலனுக்கு 14 மைல் என்றால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். 'டிரக்னா அப்படித்தான்' என்ற வாக்கியம் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. முதலில் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே வந்த புதிதில் நம் ஆட்கள் எல்லோருக்கும் வரும் எண்ணம்தான்: பணத்திமிர், விவரமில்லாமை, பெட்ரோல் இங்கே தண்ணீர் மாதிரி. பிறகு இந்த வண்டியின் வரலாற்றைத் தோண்டிப் படித்தபோது, மனிதர் சொன்னது மனநிலை மட்டும் அல்ல, ஐம்பது வருடச் சட்டத்தின் சுருக்கமும் கூட என்று தோன்றியது.

ஃபோர்ட் 1925இல் மாடல்-டி காரின் பின்பக்கம் ஒரு தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வெளிவந்த அதன் முதல் வண்டி அது. வாங்கியவர்கள் விவசாயிகள், சின்ன வியாபாரிகள். 1948இல் எஃப் வரிசை வந்தபோதும் வண்டியின் குணம் மாறவில்லை. வைக்கோல் ஏற்றவும் பன்றிக்குட்டிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஒரு கருவி. மண்வெட்டிக்கு யாரும் மைலேஜ் கேட்பதில்லை.

இந்தக் 'கருவி' என்ற சொல்தான் பின்னால் பெரிய வேலை செய்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசைகள். 1974 தொடக்கத்தில் நாடு முழுக்க வேக வரம்பு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. 1975 டிசம்பரில் எரிசக்திக் கொள்கைச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978இல் 18 ஆகவும், 1985இல் 27.5 ஆகவும் இருக்க வேண்டும். இந்த எண்களைக் காங்கிரஸ் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இலகுரக டிரக்குகளுக்கு அப்படி எழுதவில்லை. அதைப் போக்குவரத்துத் துறை பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். உழைக்கிறவனின் கருவியைக் குடும்பக் காரோடு சேர்த்து அளக்கக் கூடாது என்ற வாதம் அன்றைக்கு நியாயமாகத்தான் இருந்தது. 1975இல் அமெரிக்காவில் விற்ற புது வண்டிகளில் டிரக் வகை ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இன்று பாதியைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டது.

அந்த 1975 மாடல் வருடத்தில்தான் எஃப்-150 பிறந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்கு அது ஏதோ இதிகாசப் பெயர். அது பிறந்த காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குக் கீழே இருக்கும் வண்டிகளுக்குப் புது மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாட்ட வேண்டும், ஈயம் இல்லாத பெட்ரோல்தான் போட வேண்டும். ஏற்கெனவே எஃப்-100 இருந்தது. அதைக் கொஞ்சம் பலப்படுத்தி, எடை வரம்பு 6,000ஐச் சற்றே தாண்டும்படி செய்து எஃப்-150 என்று பெயர் வைத்தார்கள். பழைய ஈய பெட்ரோலே போட்டுக்கொள்ளலாம், அது விலையும் குறைவு. மென்பொருள் எழுதும் எனக்கு இது நன்றாகத் தெரிந்த வித்தை. டெஸ்ட் கேஸ் 6,000 வரைதான் பார்க்கிறதா, சரி, நீ 6,001 அனுப்பு.

பின்னால் அரசு கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டது. மைலேஜ் விதிக்கான எடை வரம்பு 1980இல் 8,500 பவுண்டுக்கு ஏறியது. வண்டிகளும் ஏறின. 8,500ஐத் தாண்டிய எஃப்-250, எஃப்-350, செவ்ரோலே 2500 போன்றவை பல்லாண்டுகள் மைலேஜ் விதிக்கே வெளியே நின்றன. இன்றைக்கும் ஷோரூமில் ஒரு சின்ன காரின் கண்ணாடியில் நகரத்தில் இவ்வளவு, நெடுஞ்சாலையில் இவ்வளவு என்று ஸ்டிக்கர் இருக்கும். பக்கத்தில் நிற்கும் ஹெவி டியூட்டி பிக்கப்பின் கண்ணாடியில் அந்த எண் இருக்காது. சட்டம் கேட்கவில்லை. அதிகமாகக் குடிக்கிற வண்டிக்குத்தான் அளவு சொல்ல வேண்டியதில்லை!

எண்ணே எழுதப்படாத பொருளைப் பற்றி வாங்குகிறவர் என்ன அபிப்பிராயம் வைத்திருக்க முடியும்?

1978இல் எரிபொருளை விழுங்கும் வண்டிகளுக்குத் தனி வரி வந்தது. கார்களுக்கு மட்டும், பிக்கப்புக்கு இல்லை. கார்களின் அளவுகோல் 27.5 என்று நின்றபோது டிரக்குகளுடையது 1996 முதல் 2004 வரை 20.7இல் நின்றது. அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம், அந்த எண்ணை மாற்ற ஒரு காசு செலவழிக்கக் கூடாது என்று காங்கிரஸே ஒவ்வொரு ஆண்டும் நிதி மசோதாவில் எழுதி வைத்தது. பெட்ரோல் மீதான மத்திய வரி 1993இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட், இன்றுவரை அசையவில்லை. 2003இல் தொழிலுக்காக வாங்கும் கனரக வண்டிகளின் விலையில் ஒரு லட்சம் டாலர் வரை முதல் வருடமே கழித்துக்கொள்ள வழி வந்தது. பல் டாக்டர்கள் ஹம்மர் வாங்குகிறார்கள் என்று கேலி கிளம்பவே அடுத்த வருடம் எஸ்யூவிகளுக்கு அதை 25,000 டாலராகச் சுருக்கினார்கள். ஆனால் ஆறடி நீளத் தொட்டி உள்ள பிக்கப்புக்கு அந்தச் சுருக்கம் கிடையாது.

சின்ன பிக்கப் வாங்கலாமே என்று கேட்கலாம். அதற்கு ஒரு கோழிக் கதை உண்டு. அமெரிக்கக் கோழிக்கறி மீது ஐரோப்பா வரி போட்டதற்குப் பழிவாங்க, 1964 முதல் இறக்குமதி டிரக்குகள் மீது ஜான்சன் அரசு 25 சதவீத வரி விதித்தது. அன்றைய குறி ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன். அடி விழுந்தது அதற்கப்புறம் வந்த ஜப்பானியர்கள் மேல். எழுபதுகளில் ஃபோர்ட் கூரியர் (மாஸ்டா செய்தது), செவ்ரோலே லவ் (இசுசு செய்தது) போன்ற குட்டி பிக்கப்புகளைத் தொட்டி இல்லாத சேஸியாக இறக்கி, இங்கே தொட்டி பொருத்தி விற்றார்கள். 1980இல் அந்த ஓட்டையும் அடைபட்டது. கோழிச் சண்டை முடிந்து அறுபது வருடம் ஆகிறது, வரி அப்படியே இருக்கிறது. பிறகு வந்த உள்நாட்டுச் சின்ன வண்டிகளும் மெல்லப் பெருத்தன. ஃபோர்ட் ரேஞ்சர் 2011இல் அமெரிக்காவில் நின்றே போனது. திரும்பி வர 2019 ஆயிற்று.

வண்டிக்குள்ளேயும் ஒரு மாற்றம் நடந்தது. 2001 மாடலில் எஃப்-150க்கு நான்கு முழுக் கதவுகள் வந்தன. பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைக்கலாம், தோல் இருக்கை கிடைக்கும், கிங் ரான்ச் என்று பண்ணையின் பெயரில் ஒரு சொகுசு ரகமே கிடைக்கும். கருவி குடும்பக் காராகிவிட்டது. விதிகளில் மட்டும் கருவியாகவே இருந்தது.

இதற்காக டிரக் ஓட்டுகிறவர்கள் மைலேஜைக் கவனிப்பதே இல்லை என்று எழுதினால் அது பொய். அவர்களில் சிலர் அளவுக்குக் கணக்கு வைப்பவர்களை நான் பார்த்ததில்லை. டாஷ்போர்டு காட்டும் சராசரியை நம்ப மாட்டார்கள், அதற்குப் 'பொய் மீட்டர்' என்றே பெயர். ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுத்து நோட்டில் எழுதுவார்கள். காலி வண்டிக்குத் தனி, படகு இழுத்தால் தனி, எதிர்க்காற்று அடித்தால் தனி. பின் அச்சின் பல்சக்கர விகிதம் 3.31ஆ, 3.73ஆ என்று வாயில் வைத்திருப்பார்கள். ஆனால் அந்த எண் பெருமைக்கும் இல்லை, வெட்கத்துக்கும் இல்லை. நாம் ரத்த அழுத்தம் சொல்லிக்கொள்வது போலச் சொல்லிக்கொள்வார்கள். அதிகம் பேசப்படுவது, ஒரு டேங்க் எவ்வளவு தூரம் வரும் என்பது. அதனால்தான் 36 கேலன் டேங்க். நம் கணக்கில் 136 லிட்டர்.

'பெட்ரோல் செலவைப் பார்த்தா டிரக் வாங்காதே' என்பது இங்கே பழமொழி மாதிரி. கணக்குப் போட்டால் அதிலும் ஒரு நியாயம் தெரிகிறது. வருடத்துக்கு 15,000 மைல் ஓட்டும் ஒருவரின் மைலேஜ் 14இலிருந்து 17 ஆனால் சுமார் 190 கேலன் மிச்சம். கேலன் 3 டாலர் என்றால் மாதம் 47 டாலர். வண்டிக்கான தவணையே மாதம் எண்ணூறு, தொள்ளாயிரம் போகும்போது அது கண்ணில் படுமா? ஆனால் இதே கணக்கை இன்னொரு பக்கம் பாருங்கள். 50 மைல் தரும் ஹைப்ரிட் கார் 60 தரத் தொடங்கினால் மிச்சமாவது 50 கேலன்தான். 10 மைல் கூடியதில் 50 கேலன், 3 மைல் கூடியதில் 190. ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008இல் சயன்ஸ் இதழில் காட்டிய மயக்கம் இது. 'மூணு மைல்ல என்ன வந்துடப்போகுது' என்கிற மனிதருக்குத்தான் அந்த மூன்று மைலில் நிறைய இருக்கிறது. இதை நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார், அதோடு சரி.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் டரன்டைனும் குரானியும் கலிஃபோர்னியாவில் 57 குடும்பங்களிடம் அவர்கள் வாங்கிய வண்டிகளைப் பற்றி உட்கார்ந்து பேசினார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், பெட்ரோல் செலவை முறையாகக் கணக்கிட்டு வாங்கிய குடும்பம் ஒன்றுகூட இல்லை. சிக்கனமான கார் வாங்கியவர்களும் அதில் அடக்கம். என் முதல் காரை நான் வாங்கிய லட்சணமும் அதேதான். மைலேஜைக் கேட்டேன், கேட்டதோடு திருப்தியாகிவிட்டேன்.

விலை ஒரே அடியாக ஏறும்போது மட்டும் கதை மாறுகிறது. 2008 மே மாதம் ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா உள்ளிட்ட நான்கு ஜப்பானியக் கார்கள் விற்பனையில் எஃப் வரிசையை முந்தின. 1992க்குப் பிறகு மாத விற்பனையில் ஒரு கார் முதலிடம் பிடித்தது அப்போதுதான். ஜூலையில் பெட்ரோல் 4.11 டாலர். டிசம்பரில் இரண்டு டாலருக்கும் கீழே விழுந்தது. வருட முடிவில் அதிகம் விற்ற வண்டி எது? எஃப் வரிசைதான்.

ஆனாலும் டெட்ராய்ட் பயந்துவிட்டது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதற்கப்புறம் நடந்தது. வண்டியைச் சிக்கனமாக்க வேண்டும், ஆனால் சிக்கனம் என்று சொன்னால் வாங்க மாட்டார்கள். 2011 மாடலில் ஃபோர்ட் எட்டு சிலிண்டருக்குப் பதில் இரட்டை டர்போ போட்ட ஆறு சிலிண்டர் எஞ்சினை எக்கோபூஸ்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது. விளம்பரத்தில் முன்னே நின்றது பூஸ்ட். (நமக்கு அது பாலில் கலக்கும் பவுடர்.) முறுக்குவிசை அதிகம், இழுவை அதிகம் என்று விற்றார்கள். சுமை ஏற்றினால் டர்போ பெட்ரோலை எட்டு சிலிண்டர் அளவுக்கே குடிக்கும். 'எக்கோ வேணுமா, பூஸ்ட் வேணுமா, ரெண்டுல ஒண்ணுதான்' என்று ஓட்டுகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் வாங்கினார்கள். 2015இல் உடலை அலுமினியத்துக்கு மாற்றி 700 பவுண்டு வரை குறைத்தார்கள். ராணுவத் தர அலுமினியம் என்று அதற்கும் வீரப்பட்டம். 2021இல் வந்த ஹைப்ரிட் கேலனுக்கு 25 மைல் வரை கொடுத்தது. அதையும் மைலேஜ் சொல்லி விற்கவில்லை. தொட்டியில் 7.2 கிலோவாட் மின்சாரம் வரும், வெல்டிங் மெஷின் ஓட்டலாம் என்று விற்றார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அழகில்லாத பக்கம். டீசல் பிக்கப்புகளில் 2007 முதல் புகைத்துகள் வடிகட்டி வந்தது. அடைப்பை எரித்துச் சுத்தம் செய்ய அது கொஞ்சம் எரிபொருளைத் தின்னும். இப்படிப்பட்ட மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி எறிந்த வண்டிகள் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்று சுற்றுச்சூழல் முகமை 2020இல் கணக்கிட்டது. சிலர் வேண்டுமென்றே கரும்புகை கக்க வைத்து, சைக்கிளில் போகிறவர் மேலும் ஹைப்ரிட் கார்கள் மேலும் ஊதினார்கள். நியூ ஜெர்சி 2015இல் அதற்குத் தனித் தடையே போட்டது. அது வெறும் வெறுப்பு, அதற்கு நான் காரணம் தேடப் போவதில்லை. ஆனால் சத்தமில்லாமல் வடிகட்டியைக் கழற்றிய பலர் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை: கழற்றினால் மைலேஜ் கூடுதாம்.

2021இல் ஃபோர்ட் மேவரிக் என்ற சின்ன பிக்கப் வந்தது. இருபதாயிரம் டாலருக்குச் சற்றுக் கீழே விலை, ஹைப்ரிட், நகரத்தில் கேலனுக்கு 42 மைல். தயாரிப்பு மெக்ஸிகோவில் என்பதால் கோழி வரி இல்லை. சில மாதங்களிலேயே ஆர்டர்கள் குவிந்து, அந்த மாடல் வருடத்துக்கு இனி எடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். அப்படியொரு வண்டிக்கு ஆளே இல்லை என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் இவர்கள்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் வண்டியை மாற்றினார். மறுபடியும் எஃப்-150தான், ஆனால் ஹைப்ரிட். 2021 பிப்ரவரிப் பனியில் எங்கள் தெருவே நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை அவர் மறக்கவில்லை. தொட்டியின் ஓரத்தில் இருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஃப்ரிட்ஜ், ஹீட்டர், மனைவியின் மூச்சுக்கருவி எல்லாம் ஓடுமாம்.

மைலேஜ் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"22 வருது" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பழசை விட மாசம் இவ்வளவு மிச்சம்" என்று ஃபோனை எடுத்துக் காட்டினார். மாதவாரியாக எழுதி வைத்திருந்தார்.