பிரெஸ்கொட்டின் நூலும் ஸ்கொட்டின் படையும்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐக்கிய அமெரிக்க வாசகர்கள் வரலாற்று நூல்களை நாவல்களுக்கு நிகரான ஆர்வத்துடன் வாங்கிப் படித்தார்கள். வரலாறு ஒரு பல்கலைக்கழகத் துறையாக அங்கு வேரூன்றுவதற்கு முற்பட்ட காலம் அது. கடற்பயணங்கள், போர்கள், புதிய கண்டத்தில் ஐரோப்பியர் காலூன்றிய நாட்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் இலக்கியவாதிகளே எழுதினார்கள். அந்த நூல்களின் செல்வாக்கு வாசிப்பின்பத்துடன் நின்றுவிடவில்லை.

1828ஆம் ஆண்டில் வாஷிங்டன் இர்விங் வெளியிட்ட கொலம்பஸ் வரலாறு இவ்வகை நூல்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. மட்ரிட்டில் தங்கியிருந்து ஸ்பானிய ஆவணங்களைப் படித்தே அவர் அதை எழுதினார். ஆயினும், பூமி உருண்டையென வாதிட்ட கொலம்பஸை சலமன்கா கல்விமான்கள் எதிர்த்ததாக அவர் தீட்டிய காட்சியில் கற்பனையே மிகுந்திருந்தது. பூமி உருண்டை என்பதை அக்காலக் கற்றோர் அறிந்திருந்தார்கள். ஆசியா எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே பிணக்கு. அதில் கணக்குப் பிழைத்தவர் கொலம்பஸ்தான். ஆனால், இர்விங்கின் காட்சி பாடசாலைப் புத்தகங்கள் வரை சென்று நிலைத்தது.

மெக்சிக்கோவை ஸ்பானியர் கைப்பற்றிய வரலாற்றையும் எழுத இர்விங் எண்ணியிருந்தார். பொஸ்டன்வாசியான வில்லியம் ஹிக்ளிங் பிரெஸ்கொட் அதே முயற்சியில் ஈடுபட்டிருப்பதை அறிந்ததும் பெருந்தன்மையுடன் ஒதுங்கிக்கொண்டார். ஹார்வார்ட் மாணவராக இருந்தபோது யாரோ எறிந்த காய்ந்த ரொட்டித் துண்டு தாக்கியதில் இடது கண்ணின் பார்வையை இழந்தவர் பிரெஸ்கொட். மற்றைய கண்ணும் பின்னர் நலிவுற்றது. ஸ்பெயினிலிருந்து வரவழைத்த ஆவணப் பிரதிகளை உதவியாளர்கள் வாசிக்கக் கேட்டு, பார்வை குன்றியோருக்கான எழுதுசட்டகத்தின் துணையுடன் அவர் எழுதிய நூல் 1843இல் வெளியானது. மெக்சிக்கோ மண்ணில் அவர் ஒருபோதும் கால்பதித்ததில்லை.

மூன்று ஆண்டுகள் நிறைவடைவதற்குள் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. 1847 மார்ச்சில் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்கொட்டின் படை வெராகுரூஸில் தரையிறங்கி, 1519இல் ஏர்னான் கோர்டெஸ் சென்ற வழியைப் பெருமளவுக்கு ஒட்டித் தலைநகரை நோக்கி நகர்ந்தது. படையினர் பலர் பிரெஸ்கொட்டின் நூலைப் படித்திருந்தார்கள். தாம் கடந்த மலைகளையும் ஊர்களையும் அதன் வர்ணனைகளுடன் ஒப்பிட்டுக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் எழுதினார்கள். தங்களைக் கோர்டெஸின் வாரிசுகளாகக் காண்பதில் அவர்களுக்குப் பெருமிதம் இருந்தது. செப்டெம்பரில் மெக்சிக்கோ நகரம் வீழ்ந்தது. 1848 உடன்படிக்கையுடன், டெக்சாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால், மெக்சிக்கோ தனது நிலப்பரப்பில் ஏறத்தாழ அரைவாசியை இழந்தது.

பிரெஸ்கொட் அந்தப் போரை எதிர்த்தவர். 'இரண்டாவது வெற்றி'யின் வரலாற்றையும் எழுதுமாறு ஸ்கொட் தரப்பிலிருந்து வந்த யோசனையை அவர் ஏற்கவில்லை. ஆனால், நூல் ஏற்கெனவே அவரது கையை விட்டுப் போய்விட்டிருந்தது. வீரசாகசமாக அவர் சொன்ன படையெடுப்பை வாசகர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நூலுக்கு வேறொரு வாசகர் கூட்டமும் இருந்தது. 1844இலேயே மெக்சிக்கோவில் அதன் இரு ஸ்பானிய மொழிபெயர்ப்புகள் வெளிவரத் தொடங்கின. லூக்காஸ் அலமான் ஒன்றுக்கும், ஹொசே பெர்னாண்டோ ராமிரெஸ் மற்றையதற்கும் குறிப்புரை எழுதினார்கள். நூலாசிரியரின் உழைப்பைப் போற்றிய ராமிரெஸ், பழங்குடி மக்களை நோக்கிய அவரது ஏளனப் பார்வையைச் சுட்டிக்காட்டத் தயங்கவில்லை. அயல்நாட்டுப் படை வந்திறங்குவதற்கு முன்னரே எழுதப்பட்ட மறுப்பு அது. வெராகுரூஸில் இறங்கிய சிப்பாய்கள் படித்ததோ அந்தக் குறிப்புரைகள் இல்லாத ஆங்கில மூலத்தை.

இர்விங், பிரெஸ்கொட் போன்றோரின் நூல்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் நடையழகு இன்னமும் குன்றவில்லை; படித்து மகிழத் தடையும் இல்லை. ஆனால், வென்றவரின் கதையை ஒருவர் எவ்வளவுக்குச் சுவையாகச் சொல்கிறாரோ, அவ்வளவுக்குத் தோற்றவர் அதன் ஓரத்தில் எழுதிய குறிப்பையும் தேடிப் படிக்க வேண்டியது வாசகரின் கடமையாகிறது.