துலாவும் வளவும்

மின்கம்பியையும் குழாய்நீரையும் எதிர்பாராது, தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் இல்லத்தை அமைப்பது எங்ஙனம் என்னும் வினா இன்று பல நாட்டுக் கட்டடக் கலைஞரின் ஆராய்ச்சிக்கு உரியதாகியுள்ளது. கூரையில் சூரியத் தகடு, நிலத்தின் கீழ் மழைநீர்த் தொட்டி, கொல்லையில் எருக்குழி என அவர்கள் வரைபடங்கள் வரைகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களோ வரைபடம் எதுவுமின்றி இத்தகைய இல்லங்களைப் பல தலைமுறைகளாக அமைத்து வாழ்ந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அங்குள்ள கிராமத்து வீடுகளுட் பெரும்பாலானவை மின்சாரத்தை அறியாதவை. அவ்வீடுகளின் அமைப்பை ஆராய்வோர் சுவரிலும் கூரையிலும் தொடங்குதல் தகாது. கிணற்றில் தொடங்குதல் வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மட்டும் நீர் காணும் ஓடையே. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான வாடைக்காற்றுக் காலத்திலேயே விழுந்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களைக் கடத்துவதற்கு உதவுவது நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லே. வெடிப்பும் துளையும் நிறைந்த அக்கல் மழைநீரை உறிஞ்சித் தேக்குகின்றது. தேங்கிய நன்னீர் கடலிலிருந்து ஊடுருவி வந்த உவர்நீரின்மேல், பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதன் கீழ் ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் தாங்கப்படும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் எவ்வளவு விரைந்து ஏறிவிடும் என்பதை இதனால் உய்த்துணரலாம். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை அவ்வூரார் நெடுங்காலமாக அறிவர்.

ஆகவே இந்நாட்டில் நீர் எடுப்பவன் மெல்ல எடுத்தல் வேண்டும். துலா அதற்கென்றே அமைந்த கருவிபோல விளங்கியது. நாட்டிய ஆடுகாலின்மேல் நீண்ட மரம் ஒன்று கிடக்கும். அதன் அடிப்பக்கம் பாரமாகவும் நுனிப்பக்கத்துத் துலாக்கொடியில் வாளி தொங்குவதாகவும் இருக்கும். வீட்டுக் கிணற்றில் ஒரு பெண்ணோ சிறுவனோ தனித்து நீர் அள்ளலாம். தோட்டக் கிணற்றிலோ ஒருவரோ இருவரோ துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, மற்றொருவர் வாய்க்கால் வழியே பாத்திகளுக்கு நீரை மாறிவிடுவார். விடியுமுன் தொடங்கும் அவ்வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். மனிதர் களைத்தபொழுது இறைப்பும் நின்றது. கிணறு ஊறுவதற்கு இரவு முழுவதும் அவகாசம் கிடைத்தது. இக்கட்டுப்பாடு யாரும் எண்ணி வகுத்ததன்று. மனித உடலின் வலுவே நிலத்தடி நீருக்குக் காவலாயிற்று.

அள்ளிய நீர் ஒருமுறை பயன்பட்டு ஒழிந்ததுமில்லை. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் சென்றன. கிணற்றடி வாழை செழித்திருப்பதைக் கொண்டே அவ்வீட்டில் ஆள் புழக்கத்தை மதிப்பிடுவோரும் இருந்தனர்.

இனி வளவு. குடியிருப்பு நிலத்தையும் அதிலுள்ள மரங்களையும் கிணற்றையும் ஒருங்கே குறிக்கும் இச்சொல் யாழ்ப்பாணத்தாருக்கு மிக நெருக்கமானது. வளவைச் சூழ்ந்து நின்ற வேலியைப் பிற நாட்டார் காண்பின் வெறும் மறைப்பென்றே கருதுவர். உண்மையில் அது வீட்டின் களஞ்சியங்களுள் ஒன்றாகும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை முதலியவற்றின் கதியால்கள் ஆண்டுதோறும் வெட்டப்பட்டன. வெட்டிய குழை ஆட்டுக்கு உணவாயிற்று. எஞ்சியது தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கப்பட்டது. தடி விறகாயிற்று, ஆடாதோடை இலை இருமலுக்கு மருந்தாயிற்று. கதியால்களுக்கிடையே அடைத்த ஓலையின் வரலாறு இன்னும் சுவையானது. கூரையில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்து பழுதான பனையோலை இறக்கப்பட்டுத் தோட்டத்து மண்ணுக்குள் புதைக்கப்படும். வேலியில் இற்ற ஓலைக்கும் அதுவே முடிவு. வீட்டை மூடிய ஓலை இவ்வாறு புகையிலைக்கும் மரவள்ளிக்கும் எருவாயிற்று. ‘கழிவு’ என்று தனியே எடுத்து எறியத்தக்க பொருள் அவ்வளவில் மிகச் சிறிதே.

வீட்டைப் பற்றிப் பேசுவோர் நாற்சார் வீட்டையே சிறப்பித்துப் பேசுவர். நடுவே வானம் திறந்த முற்றமும், அதைச் சூழ்ந்து நாற்புறமும் விறாந்தையும் அறைகளும் கொண்ட அவ்வீடு காற்றும் ஒளியும் தாராளமாகப் பெற்றது. சரிந்திறங்கும் ஓட்டுக்கூரையின் நீர் முற்றத்தில் விழுந்து வெளியேறும். முருகைக்கல்லும், அதையே சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பும், வைரம் பாய்ந்த பனைமர வளையும் சலாகையும் அதன் முதற்பொருள்கள். யாவும் அண்மையில் கிடைப்பவை. எனினும் நாற்சார் வீடு வசதி படைத்த சிலருக்கே உரியது. பெரும்பாலோர் மண்சுவரெழுப்பி, சாணத்தால் மெழுகி, ஓலை வேய்ந்த சிறு வீடுகளிலேயே வாழ்ந்தனர். வெயிலைத் தடுப்பதில் அச்சிறு வீடு பெரிய வீட்டுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. இருவகை வீட்டிலும் அடுக்களை பெரும்பாலும் தனித்தே நின்றது. ஓலைக்கூரையில் தீப்பொறி பட்டால் முழு வீடும் போகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அடுக்களைப் பரணில் புகைபட்டுக் கிடந்த விதைகளைப் பூச்சி அண்டவில்லை. புகைக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தனர்!

ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, பனங்கட்டி என்று பனை தந்த சேமிப்புணவுகளைப் பற்றி நேயர்கள் நன்கறிவர், விரிக்க வேண்டுவதில்லை. விளக்கெரிக்க இலுப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வளவிலிருந்தே கிடைத்தன. மண்ணெண்ணெய் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவத் தொடங்கியது.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. யாழ்ப்பாணத்து இல்லம் முற்றும் தன்னிறைவு உடையதாய் ஒருகாலத்தும் இருந்ததில்லை. குடாநாட்டு வயல்கள் மக்களுக்கு வேண்டிய நெல்லை முழுதும் தரவில்லை. வன்னியிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் நெல்லும் அரிசியும் வந்தன. அதற்கு ஈடாகப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்றது. நீரிலும் தனியுரிமை அரிது. உடன்பிறந்தார் நிலத்தைப் பங்கிட்டபொழுதும் கிணற்றைப் பங்கிட இயலாமையால், ‘கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்’ என்று உறுதிகளில் எழுதிக்கொண்டனர். முறைவைத்து இறைத்தனர், முறை தவறியபோது வழக்காடினர். தன்னந்தனியே நின்று நிறைவுபெற்ற வீடு என்பது அங்கே கற்பனையாகும்.

அன்றியும், துலாவை மிதித்தவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு தொகுத்து முடிக்கப்பட்ட தேசவழமை, சீதனம், முதுசம், ஒற்றி என்பவற்றோடு அடிமைகளைப் பற்றியும் விதி கூறுகின்றது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் குடிமைத் தொழில் என்ற பெயரில் அதன் சாயல் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. நிறைவான வளவு என்று புகழப்பெற்றவை பலவற்றில் கள் இறக்கியும் வேலி அடைத்தும் நீர் இறைத்தும் உழைத்தவர்கள், அவ்வளவின் கிணற்றில் தம் கையால் ஒரு வாளி நீர் அள்ள அனுமதிக்கப்பட்டவர் அல்லர். கிணற்றுக்கு அப்பால் நின்று, யாரேனும் அள்ளி வார்க்கும் வரை காத்திருந்து, கையேந்திப் பருகினர். சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது; பழக்கம் சட்டத்தின் வேகத்தில் மாறவில்லை. வீட்டினுள்ளே அம்மியும் உரலும் திருகையும் பெண்களின் தோளையே நம்பி இயங்கின. பழைய இல்லத்தின் சிக்கனத்தைப் போற்றுவோர் இக்கணக்கை விட்டுவிட்டுப் போற்றுதல் நேர்மையாகாது.

அப்பழைய அறிவு எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதை 1990ஆம் ஆண்டு சோதித்துக் காட்டியது. அவ்வாண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன்பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரசாயனப் பசளை முதலியன வருதல் தடைப்பட்டது. ஐந்தாண்டுக்கு மேலாக மக்கள் விரும்பாமலேயே கம்பித் தொடர்பற்ற இல்லங்களில் வாழ நேர்ந்தது. போத்தலினுள் பஞ்சு வைத்து, அதில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியில் எரியும் சிக்கன விளக்கின் ஒளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். சவுக்காரம் அரிதானபோது பனம்பழத்தால் உடை வெளுத்தனர். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, அதன் தைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்த இடங்களில் கையிறைப்பு மீண்டது. பனை உணவு தந்தது மட்டுமன்று. பதுங்குகுழிகளுக்கு மூடியாகவும் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டு வீழ்ந்தது. அறிந்தே மேற்கொள்ளும் எளிய வாழ்வுக்கும், பிறர் சுமத்திய இல்லாமைக்கும் உள்ள வேற்றுமையை அவ்வாண்டுகளில் வாழ்ந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது, வளவும் கிணறும் வேலியும் அப்படியே கிடந்தன. எவ்வளவு தன்னிறைவுள்ள வீடாயினும் அதைத் தூக்கிச் செல்ல இயலாது.

இதற்கிடையில், போருக்கு முன்னரே தொடங்கிய வேறொரு மாற்றம் ஓசையின்றி வளர்ந்துவந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீரிறைக்கும் இயந்திரம் ஊர்தோறும் பரவியது. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் குடாநாட்டுத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டனர். இறைப்பும் இரசாயனப் பசளையும் பெருகின. துலாமிதிப்போரின் முதுகு நிமிர்ந்தது என்ற வகையில் அது பெரும் பேறே. ஆயின், இயந்திரம் களைப்பதில்லை. கிணறு ஊறும் வேகத்தைப் பாராது அது இழுத்தது. பல கிணறுகள் உவர்த்தன. நெருங்கி எழுந்த வீடுகளின் மலகூடக் குழிகளும் தோட்டத்துப் பசளையும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீருடன் கலந்தன. பல கிணறுகளின் நைத்திரேற்று அளவு குடிநீருக்கு ஏற்ற எல்லையைத் தாண்டியிருத்தலை ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுவர வகுத்த திட்டத்தை அக்குளத்தை நம்பிய விவசாயிகள் எதிர்த்தனர். பின்னர் வடமராட்சி கிழக்கில் தாளையடிக் கடற்கரையில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருமாறு அமைந்த அந்நிலையம் இயங்குவது மின்சாரத்தாலேயாம். அதன் குழாய் வந்து சேரும் வளவுகள் சிலவற்றில், மரம் கழற்றப்பட்ட துலாவின் ஆடுகால் இன்னும் கிணற்றருகே நிற்கின்றது. உடை உலர்த்தும் கயிறு கட்டுதற்கு அது உதவுகின்றது.