அரசுப் பள்ளி: ஆறாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டிய விஷயம்

கொரோனா காலத்தில் வருமானம் குறைந்ததால், தமிழகத்தில் ஏராளமான குடும்பங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றின. நிலைமை சீரானதும் பலர் திரும்பிச் சென்றனர். ஆதம்பாக்கம் போன்ற பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களும் பள்ளி மாற்றும் முன் சில விதிகளை அறிந்திருப்பது நல்லது.

2020 முதல் மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 8-ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிதான். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் சமுதாயம் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் இதுவே விதி. இந்த 7.5 சதவீதத்துக்குள்ளும் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு கணக்கிடப்படுகிறது.

உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டுள்ளனர்.

ஏழாம் வகுப்பை மட்டும் தனியாரில் படிக்க வைத்தாலும் 7.5 சதவீத வாய்ப்பு கைநழுவிவிடும். எனவே ஐந்தாம் வகுப்பு முடியும்போதே பிள்ளையோடு அமர்ந்து பேசி முடிவெடுங்கள். மாற்றுச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள்.